காது பத்திரம்

இடது கை சீப்பால் முடியைத் தூக்கிப் பிடிக்கிறது. வலது கை நுனியை மட்டும் கத்தரிக்கிறது. பிறகு தலைக்குச் சம்பந்தமே இல்லாமல் காற்றில் நாலு வெட்டு. காற்றுக்கு என்ன முடியா முளைத்திருக்கிறது? அது தொழிலின் தாளம், விட்டுவிடுங்கள். நாம் பார்க்க வேண்டியது அந்தக் கைகளுக்குக் கீழே, வெள்ளைத் துணிக்குள், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை. இவர் 'எதுக்கு வம்பு' இனம்.

சின்ன வயதில் பெரியவர்கள் தங்கள் வசதிக்காக அவிழ்த்துவிட்ட புளுகுகளை, மீசை நரைத்த பிறகும் கீறல் படாமல் காப்பாற்றி வருகிற இனம் இது. கேட்டுப் பாருங்கள். "சேச்சே, அதெல்லாம் யாரு நம்பறாங்க?" என்பார். அடுத்த மூச்சில், "ஆனா எதுக்கு வம்பு?"

அலுவலகத்தில் ஒரு மாடி முழுக்க ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவர்தான். ஆனால் திராட்சை தின்றால், வயிற்றில் கொடி படர்ந்துவிடும் என்று ஒவ்வொரு விதையையும் நாக்கால் துழாவித் துப்புவார். வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்யும் மெக்கானிக்கின் காலைத் தெரியாமல் தாண்டிவிட்டால், அந்த ஆள் வளராமல் போய்விடுவான் என்று திரும்பவும் இந்தப் பக்கம் தாண்டி வருவார். மெக்கானிக்குக்குப் பேரன் இருக்கிறான். இனி அவர் வளர்ந்தால் பக்கவாட்டில்தான்.

முடிவெட்டும்போது ஆடினால் காது அறுந்துவிடும் என்று சொன்னவர் இவருடைய அப்பா. அவருக்கு வேண்டியிருந்தது பேப்பர் படிக்கக் கொஞ்சம் அமைதி. மகனுக்குக் கிடைத்தது ஆயுள் தண்டனை.

நாளைக்கு மேலாளர் பதவிக்கு நேர்காணல். உச்சியில் வழுக்கை. அதை மறைக்க இடது காதுக்கு மேல் ஒரு கற்றையை மாதக்கணக்கில் வளர்த்து வைத்திருக்கிறார். குறுக்கே இழுத்துச் சீவினால், துடிப்பான அதிகாரி. சீவாவிட்டால், ஓய்வுபெறப் போகிற ஆள். வழக்கமாக வெட்டுகிறவர் இன்று லீவு, இன்றைக்குக் கத்தரி பிடித்திருப்பவர் புதியவர். 'அந்தக் கற்றையைத் தொடாதீங்க' என்று சொல்ல நம் ஆள் வாயெடுத்தார். கத்தரியின் குளிர்ச்சி காதில் பட்டது. வாய் மூடிக்கொண்டது.

பெஞ்சில் தன் முறைக்காக மகள் காத்திருக்கிறாள். வரும் வழியிலேயே அவளுக்கும் மருந்து புகட்டியாகிவிட்டது.

"ஆடினா காது போயிடும், தெரியுதா?"

"நிஜமாவாப்பா?"

"பின்ன, அப்பா பொய்யா சொல்லுவேன்?"

இப்போது கைகள் கற்றைக்கு வந்துவிட்டன.

"இது ஒண்ணு மட்டும் ஏன் சார் தனியா தொங்குது? சமமாக்கிடட்டா?"

தலையை அசைக்க முடியாது. தாடை அசைந்தாலும் காது அசையுமே. கண்களை மட்டும் இடமும் வலமும் உருட்டினார். துணிக்குள்ளிருந்து ஒரு விரல் எழுந்தது.

"கையை உள்ள வைங்க சார், முடி விழும்."

"அப்பா, வேணாம்னு சொல்லுங்கப்பா!" என்றாள் மகள்.

அப்பா சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்பது முடிதிருத்துகிறவர்களுக்கும் தெரியும். ஒரே வெட்டு. மாதக்கணக்கில் வளர்ந்தது மடியில் விழுந்தது.

துணியை அவிழ்த்து உதறிவிட்டு, பின்னந்தலைக்குக் கண்ணாடி பிடித்தார் தொழிலாளி. உச்சி, கழுவிக் கவிழ்த்த தட்டுபோலப் பளபளத்தது. மகள் எட்டிப் பார்த்தாள்.

"காது ரெண்டும் அப்படியே இருக்குப்பா. முடிதான் போச்சு."

"எப்படி சார் இருக்கு?"

கத்தரியைக் கீழே வைத்தாகிவிட்டது. காதுக்கு இனி ஆபத்தில்லை. கத்தலாம், சண்டை போடலாம், அழக்கூடச் செய்யலாம். நம் ஆள் கண்ணாடியைப் பார்த்தார்.

"பிரமாதம்," என்றார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன தடவை உங்கள் தலைக்குப் பின்னால் இதே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்டாரே, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்?