உங்கள் சேவல் மீது ஒரு புகார்

மரியாதைக்குரிய ஆரம்பாக்கம் மச்சான் அந்தோணி அவர்களுக்கு, தங்கை புருஷன் சாலமோன் கும்மிடிப்பூண்டியிலிருந்து எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் இங்கே சுகம்; அங்கேயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள். புகார் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனிப் பழக்கம். நீங்கள் கொடுத்த சேவல் சரியில்லை.

ஜெனிபருக்குச் சுகப்பிரசவமானால் குஞ்சு பொரித்து வளர்த்து சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுப்பதாக உங்கள் தங்கை ரோசம்மாள் நேர்ந்துகொண்டது உங்களுக்குத் தெரியும். மகளுக்கு நல்லபடி ஆயிற்று. கோழியை அடை வைத்துவிட்டு, பேரனைப் பார்க்க வேப்பம்பட்டுக்குப் போனவள், இன்று காலை போன் செய்து, "யோவ், ஒரு வாரம் ஆயிடுச்சி. முட்டைய லைட்டுல காட்டிப் பாத்து கெட்டத எடுத்துடு, இல்லாங்காட்டி நாறிடும்" என்றாள். எது கெட்டது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேர்வாய் கண்டிகை பாட்டில் கம்பெனியில் இத்தனை வருஷம் லைட் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியில் கீறல் பார்க்கிறவனிடம் ஒரு முட்டை தப்பிக்குமா?

கதவைச் சாத்தி, செல்போன் டார்ச் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன், கோழி கையைக் கொத்திக்கினே இருந்தது, பார்த்தால் மச்சான், எனக்குத் தலை சுற்றிவிட்டது. இரண்டே முட்டைதான் சுத்தமாகப் பளிச்சென்று இருந்தன. மற்றதெல்லாம் உள்ளே சிவப்புச் சிவப்பாகக் கீறல், நடுவில் கரும்புள்ளி. ஒன்றில் அந்தப் புள்ளி ஆடக்கூட ஆடியது. சுத்தமானதை மட்டும் கோழிக்கு அடியில் வைத்துவிட்டு, ரிஜெக்ட் ஆனதைச் சாட்சிக்காகக் கூடையில் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன். பாட்டில் லாட் முழுக்கக் கோளாறு என்றால் கோளாறு அச்சில்தான். இங்கே அச்சு உங்கள் சேவல். அதை வைத்திருந்து என்ன பண்ணுவது என்று மதியம் அறுத்துக் குழம்பு வைத்துவிட்டேன். குழம்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கர்த்தருக்குச் சொன்ன வார்த்தை நிற்கிறதே. ஆகவே நல்ல சேவலாக ஒன்று உடனே அனுப்பவும்.

வீட்டில் அனைவருக்கும் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
சாலமோன்

பி.கு.: ரோசம்மாள் சாயங்கால ரயிலில் வந்துவிட்டாள். கூடையிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "அடப்பாவி மனுசா, அது கீறல் இல்லய்யா, ரத்த நரம்பு! புள்ளிதான்யா குஞ்சு! வெறும் முட்டைய அடை வச்சிகினு, உசுரு கீற முட்டையத் தூக்கி வெளிய வச்சிக்கிறியே!" என்றாள். வெயில் காலம், சூடு ஆறவில்லை, பிழைக்கும் என்று எல்லாவற்றையும் மறுபடி கோழிக்கு அடியில் வைத்தாள். புள்ளி ஆடுவதை நானும் கூட நின்று பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, "சேவ எங்க?" என்றாள். சரியில்லை என்று ஆரம்பாக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொல்லிவிட்டேன். சட்டியை அப்போதே கழுவிவிட்டேன்.

ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும். பக்கத்து வீட்டு வசந்தகுமார் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் சேவலில் ஒரு குறையும் இல்லை. மேலே நல்ல சேவல் கேட்டிருந்தேன். நல்லதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உடம்பு சிவப்பாக, வால் கறுப்பாக, இடது காலில் ஒரு விரல் கோணலாக இருந்தால் போதும். அதைக் கூட்டிவர ஞாயிற்றுக்கிழமை அவளே அங்கே வருகிறாள்.