இரண்டு விண்ணப்பம், மூன்று ஓடிபி

தன் மகள் மகிழினி எஞ்சினியர் ஆவாள் என்று நீலமேகம் முடிவெடுத்தது, அவள் பிறந்த மூன்றாம் நாள். மகிழினிக்கு விஷயம் தெரிந்தது, பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள்.

எண்ணூரில் ஒரு எரிவாயு டேங்க் யார்டில் நீலமேகத்துக்கு ஹெல்பர் வேலை. அங்கே மஞ்சள் ஹெல்மெட் போட்டவன் வால்வைத் திருகுவான். வெள்ளை ஹெல்மெட் போட்டவன் திருகச் சொல்வான். இருபது வருஷமாகத் திருகித் திருகி, நீலமேகத்தின் கழுத்தே ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கொருக்குப்பேட்டை வீட்டுக்கு வந்தால், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் கண் சொருகிவிடும். விழித்திருக்கிற பத்து நிமிஷமும் ஒரே புலம்பல்.

"ஒரு டிகிரி மட்டும் இருந்திருந்தா இந்நேரம் எனக்கும் வெள்ளை ஹெல்மெட்டு. பிளஸ் டூவோட நிறுத்திட்டாங்கோ. இன்னா பண்றது?"

மனைவி சொக்கம்மாள் இதைக் கல்யாணமான நாளாய்க் கேட்கிறாள். "சோறு ஆறுதுய்யா, துன்னு" என்பாள்.

மகிழினி கேட்டதோ அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு. நீலமேகம் அசரவில்லை. ரயிலில், டீக்கடையில், வெள்ளை ஹெல்மெட்டுகளிடம் என்று மூன்று வாரம் விசாரித்தான். தட்டில் கையை வைத்துக்கொண்டே வீட்டில் பாடம் நடத்தினான்.

"கேட்டுக்கோ சொக்கு. எஞ்சினியரிங்குக்குக் கவுன்சலிங். கணக்கு நூறு, பிசிக்ஸ் அம்பது, கெமிஸ்ட்ரி அம்பது. எரநூத்துக்குக் கட்டாஃப். கலைக் கல்லூரிக்கு அப்ளிகேஷனும் வேற, லிஸ்டும் வேற. பாலிடெக்னிக் முடிச்சவன் நேரா எஞ்சினியரிங் ரெண்டாவது வருஷத்துல போய் குந்திக்கலாம். டாக்டருக்குத் தனிப் பரீட்சை."

"வேலைக்குப் போய்க்கினே படிக்கிறவங்களுக்கு?"

"யாருக்கு?"

"சும்மா கேட்டேன்யா."

"அதுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கீது. பிளஸ் டூ போதும். எத்தினி வயசானாலும் சேரலாம். ஞாயித்துக்கிழமைல கிளாஸு. நோட்டுல எழுதிக்கிறியா?" என்று நக்கலாகக் கேட்டான்.

சொக்கம்மாள் மெய்யாலுமே எழுதிக்கொண்டாள்.

மறுநாள் ஹுமாயூனின் பிரவுசிங் சென்டரில் நீலமேகம் குரலைத் தாழ்த்தினான். "எஞ்சினியரிங்குக்கு மட்டும் போடு. வூட்ல ரெண்டும் போட்டாச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். கலைக் கல்லூரிக்குக் கடைசித் தேதி தாண்டிச்சுன்னா, பொண்ணு தானா வழிக்கு வந்துரும்."

"பாவம் மாமு."

"பாவம்லாம் நாலு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்."

"சரி, போன் நம்பரு?"

இங்கேதான் நீலமேகம் சறுக்கினான். காஸ் இருக்கிற இடம் என்பதால் யார்டு கேட்டிலேயே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். எட்டு மணி நேரம் அவன் கையில் போன் இருக்காது. அதனால் சொக்கம்மாள் நம்பரைக் கொடுத்து, அவளுக்குப் போன் போட்டு ஓடிபியைக் கேட்டுச் சொன்னான். அவளுக்கு இன்னா தெரியும் என்ற தைரியம்.

"ரெண்டும் போட்டாச்சு!" என்று வீட்டில் வந்து அறிவித்தான். மகிழினி துள்ளினாள். சொக்கம்மாள் போனைத் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டு அப்ளிகேஷனுக்கு ஒரே ஒரு ஓடிபிதான் வந்துது?"

"ரெண்டுக்கும் சேத்து ஒண்ணுதான். புதுசா அப்படிப் பண்ணிட்டாங்கோ."

"ஓகோ" என்றாள்.

அந்த 'ஓகோ'வுக்கு நீலமேகம் பயந்திருக்க வேண்டும். அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து, அவன் ஷிப்டு முடிந்து வந்து சுவரில் சாய்ந்த நேரம் பார்த்து அவளே பேச்செடுத்தாள். "எஞ்சினியரிங்குக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கணுமாமே. வூட்ல யாரும் டிகிரி படிக்கலைன்னு காட்டணும். உன் பிளஸ் டூ மார்க் ஷீட்டு, ஆதாரு, ரெண்டு போட்டோ குடு."

எஞ்சினியரிங் என்ற சொல் காதில் விழுந்ததும் பெட்டியையே தூக்கிக் கொடுத்தான்.

"இங்க ஒரு கையெழுத்து."

போட்டான்.

"இங்கயும் ஒண்ணு."

பாதித் தூக்கத்தில் அதையும் போட்டான்.

ஜூன் மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்தால், வீட்டில் கேசரி வாசனை. மகிழினி ஒரு ரசீதை நீட்டினாள். அரசு கலைக் கல்லூரி. பி.ஏ. வரலாறு, முதலாம் ஆண்டு.

"எஞ்சினியரிங் கவுன்சலிங் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே!"

"இது முந்திக்கிச்சு. டிசி குடுத்து சேந்தாச்சு" என்றாள் சொக்கம்மாள். "வராத ஓடிபிய நானே சென்டருக்குப் போய் வரவெச்சுக்கினேன்யா."

நீலமேகம் தொப்பென்று உட்கார்ந்தான். "இந்த வூட்ல ஒரு வெள்ளை ஹெல்மெட்டு வரணும்னு எத்தினி வருச ஆசை தெரியுமா?"

"தெரியாமயா? டிகிரி இருந்தா போதும், ஹெல்மெட்டு மாறிரும்னு நீதானே சொல்வ. உன் ஆசைய நான் கெடுப்பனா?"

ஒரு கனத்த பார்சலை அவன் மடியில் வைத்தாள். திறந்தநிலைப் பல்கலைக்கழகம். உள்ளே புத்தகங்கள். மேலே அவனுடைய பெயர், அவனுடைய போட்டோ, அவனே போட்ட கையெழுத்து.

"மூணாவது ஓடிபி இதுக்குத்தான். வர்ற ஞாயித்துக்கிழமை ஒம்போதரைக்குக் கிளாஸு."

"நான் தூங்குறதே ஞாயித்துக்கிழமைதாண்டி!" அவன் பார்சலை மடியிலிருந்து தள்ளிவைத்தான். "பாடம் இன்னா?"

"வரலாறு. சந்தேகம்னா பொண்ணைக் கேளு."

மகிழினி கேசரித் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நைனா, முதல் பட்டதாரின்னு என் பேர்லதான் சான்றிதழ் வாங்கியாச்சு. நீ எனக்கு முன்னாடி பாஸாயிடப் போற."

சொக்கம்மாள் சிரிக்கக்கூட இல்லை.

"அந்தப் பயமே உனக்கு வேணாம் கண்ணு" என்றாள்.