எமில் சுவாமி சுகமாக இருக்கிறார்

வின்டர்தூர்
புதன்கிழமை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சித்தப்பாவுக்கு,

ஆண்டவர் துணையால் நானும் இவரும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எமில் சுவாமியும் சுகமாக இருக்கிறார். இந்தக் கடிதத்தை எழுதுவதே அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான். அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக வரும் சனிக்கிழமை உங்கள் பங்குக் கோயிலில் நீங்கள் ஒழுங்கு செய்திருக்கும் பூசையைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். தொலைபேசியில் இரண்டு தடவை சொல்ல முயன்றேன். ‘சுவாமி’ என்று தொடங்கியதுமே நீங்கள் அழுததால், எழுதிப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.

எமில் சுவாமி சுவிஸ்காரக் குருவானவர். எழுபத்தெட்டு வயது. ஓய்வுபெற்ற பிறகு அப்பென்செல்லில் தமக்கையார் வீட்டில் இருந்தார். எங்கள் பங்குமனையின் மேல்மாடிக்குக் குடிவந்து, மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் தமிழ்ப் பூசையையும் வைப்பதாகப் பேச்சு. அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் ஜெர்மனில் பூசை வைக்க, நாங்கள் தமிழில் பாடுவதாக ஏற்பாடு. நாடு முழுவதும் ரயிலில் ஓடித்திரியும் தமிழ்க் குருவானவரால் இனி இங்கே வர இயலாது என்பதால், எமில் சுவாமியும் இல்லையென்றால் அந்தப் பூசை நின்றுவிடும். “வந்து பார்க்கிறேன், மனிதர்களைப் பிடித்தால் இருக்கிறேன்” என்று எழுதியிருந்தார். எனக்குப் பக்தி குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் முப்பது வருடமாக நாங்கள் ஒன்றாக நின்று தமிழில் பாடும் இடம் அது ஒன்றுதான். அதனால்தான் வரவேற்புக் குழுவுக்குச் செயலாளராக இருக்கச் சம்மதித்தேன்.

போன வாரம் பங்குப் பணிமனையில் வேலைசெய்யும் சுவிஸ்காரப் பெண்மணி ஃபிரவ் ஹூர்லிமான் தொலைபேசியில் அழைத்து, தமிழர் வழக்கத்தில் ஒருவரை எப்படிக் கௌரவிப்பீர்கள் என்று கேட்டார். பூமாலை போடுவோம் என்றேன். கழுத்தில் என்று சேர்த்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, வேறு எங்கே போடுவார்கள் என்று நினைத்திருக்கவேண்டும். அவர் இந்துக் கோயிலுக்கு மாலை கட்டும் பரமேஸ்வரி அக்காவைத் தேடிப்பிடித்து அருமையான மாலையொன்றைக் கட்டுவித்தார். ஞாயிற்றுக்கிழமை சுவாமி வந்த ரயில் ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது, எங்களுக்கு அது பிறகுதான் தெரியும். பெட்டிக்குள் கிடந்தால் மாலை நசிந்துவிடும் என்று, மண்டப வாசலில் தான் வைத்திருந்த சுவாமியின் பெரிய படத்துக்கு அதைப் போட்டிருக்கிறார். அப்படியும் வாசல் வெறுமையாகத் தெரிந்ததாம். ஆகவே பக்கத்தில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி, உதிர்ந்த பூக்களைக் கீழே தூவிவிட்டு, வைன் எடுத்துவர நிலவறைக்குப் போய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஆட்கள் வாசலில் உறைந்துபோய் நின்றார்கள். எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சங்கத்தின் தலைவர் பெனடிக்ட் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, சுவாமி எங்களை விட்டிட்டுப் போட்டார்.”

“ரயில் பிந்தியிருக்கலாம்தானே அண்ணை?”

“சுவிஸிலையோ?”

ஃபிரவ் ஹூர்லிமானைக் கேட்போம் என்றேன்.

“உனக்கென்ன விசரோ? செத்த வீட்டில போய், ஆள் செத்தது மெய்யோ எண்டு கேக்கிறதோ?”

இரசாயனவியலில் பட்டம் பெற்றவள் சித்தப்பா நான். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவள். ஆனால் மாலையும் போட்டு மெழுகுதிரியும் கொளுத்திவைத்த ஒரு படத்தின் முன்னால் அந்தப் பட்டம் ஒன்றுக்கும் உதவவில்லை. அண்ணை படத்தைப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டார். எட்டு நிமிடத்தில் கனடாவிலிருந்து அனுதாபம் வந்தது, பத்தாவது நிமிடம் உங்களுடையது. பக்கத்தில் குடியிருந்த பெண்கள் ஓடிப்போய் வெள்ளைச் சேலை மாற்றிவந்தார்கள். கேக் செய்துகொண்டுவந்த லக்சனா அதில் எழுதியிருந்த ‘வருக’வைக் கத்தியால் வழித்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் சிலுவை போட்டாள். நான் வரவேற்புரையை இரங்கலுரையாக்கினேன். பன்னிரண்டு வினைச்சொற்களை மாற்றினால் போதுமானதாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு சுவிஸ்காரர்கள் சிரித்த முகத்துடன் வைன் கிண்ணங்களை ஏந்தி வந்தார்கள். “இவையள் செத்த வீட்டிலயும் வைன் குடுப்பினம்” என்று என் சிநேகிதி கோசலா என் காதில் சொன்னாள். ஒரு மூதாட்டி வெள்ளைச் சேலைகளைப் பாராட்டி, இது விசேட உடையா என்று கேட்டார். இந்த மாதிரி நேரங்களில் உடுப்பது என்றேன். பெனடிக்ட் அண்ணை என் உரையை வாசித்து, இடையிடையே விம்மினார். அவர் விம்மிய இடங்களில் எல்லாம் சுவிஸ்காரர்கள் கைதட்டினார்கள்.

அப்போது கடைசி வரிசையில் என் பக்கத்துக் கதிரையில் யாரோ வந்து உட்கார்ந்து, பயணப்பெட்டியை மெதுவாகக் காலடியில் வைத்தார். திரும்பினேன். படத்தில் இருந்த அதே முகம், மாலை இல்லாமல்.

“அவர் ஏன் அழுகிறார்?” என்று ஜெர்மனில் கேட்டார்.

“நீங்கள் இறந்துவிட்டதற்காக.” அந்த நேரத்தில் எனக்கு வேறு ஜெர்மன் வரவில்லை.

“எப்போது?”

“இன்று மத்தியானம் என்று நினைக்கிறோம்.”

பெனடிக்ட் அண்ணையை எட்டிப் பார்த்தார். “இப்போது என்ன சொல்கிறார்?”

“நீங்கள் மிகவும் பொறுமைசாலி என்கிறார்.”

தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து முன் கதிரையில் இருந்த கோசலா திரும்பி, “இயேசுவே!” என்று கத்தினாளே ஒரு கத்து! பெனடிக்ட் அண்ணை மைக்கோடு முழங்காலில் விழுந்தார். நிகழ்ச்சியில் அடுத்தது இதுதான் என்று நினைத்துச் சுவிஸ்காரர்கள் மறுபடியும் கைதட்டினார்கள்.

சுவாமி யாரையும் ஏசவில்லை. ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு மேல்மாடிக்குப் போனார். திங்கட்கிழமை காலை பெட்டியோடு ரயில் நிலையத்துக்கு நடந்துபோனதைப் பலர் கண்டிருக்கிறார்கள். தொலைபேசியும் எடுக்கிறாரில்லை. உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி வைத்தவர்களோடு யார் சித்தப்பா குடியிருப்பார்? தமிழ்ப் பூசை இத்துடன் முடிந்தது. நேற்றுக் கூட்டத்தில் எல்லோரும் என்னையே பார்த்ததால் பதவியிலிருந்து விலகிவிட்டேன். இனி இந்தச் சங்கத்தின் வாசற்படி மிதிப்பதாக இல்லை.

சித்திக்கு என் அன்பு. உங்கள் செபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். சுவாமியையும், உயிரோடு இருப்பவராக.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகள்
ஜெசிந்தா

பி.கு.: படம் பிடிக்கக் கைபேசியை எடுத்தபோது வாசல் மணி அடித்தது. எமில் சுவாமி. வெளியே ஒரு வான் நிறையப் புத்தகமும் ஒரு கட்டிலும். மிச்சச் சாமான் எடுக்கத்தான் அப்பென்செல் போனாராம். போன இடத்தில் கைபேசியில் சார்ஜ் இல்லையாம். “ஐம்பது வருடமாக அடக்கப் பூசை வைக்கிறேன். அழுவதற்கு இரண்டு பேர் வந்தாலே அதிகம். நீங்கள் அறுபது பேர், என்னை ஒருநாளும் நேரில் காணாமல்!” என்றார். முதல் ஞாயிறு பூசையைத் தமிழிலேயே வைக்க ஆசையாம். நான்தான் எழுத்துச் சொல்லிக்கொடுக்கவேண்டுமாம். சம்மதித்துவிட்டேன், பதவியையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். போகும்போது, “சாவதற்கு இது நல்ல இடம், ஆனால் அவசரமில்லை என்று உங்கள் தலைவரிடம் சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். பெனடிக்ட் அண்ணை மறுபடியும் அழத் தொடங்கிவிட்டார்.