செந்தூர்பாண்டி காதுக்கு அளவு கொடுத்தார்

“இனிமே இந்த வீட்டுக்குள்ள பாட்டு கேக்குற சாமான்னு ஒரு ஒயர்கூட வராது. இது சத்தியம்!”

தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, கற்பூரத்தில் அடித்துச் சொன்னார் செந்தூர்பாண்டி. பக்கத்தில் அவர் மனைவி பொன்னுத்தங்கம் நின்று, கடையில் எடை பார்ப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சரிபார்த்துக்கொண்டாள்.

சத்தியத்துக்குக் காரணம் மாடி ரூம். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் வைத்திருந்தார் செந்தூர்பாண்டி. பகலெல்லாம் மெஷின் தடதடக்கும். மெஷின் ஓய்ந்தால் எங்கேயாவது யாராவது ஒரு வெடியைப் போட்டுப் பார்ப்பார்கள். இப்படி அடி வாங்கிய காதுக்கு நல்லதாக நாலு பாட்டு வேண்டாமா? மாடியில் ஒரு ரூமை வளைத்துப் போட்டார். சுவருக்குப் பஞ்சு வைத்தார். ஏசி மாட்டினார். ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கரை நிறுத்தினார். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஹாலில் பாயில் படுத்தார்கள். ஸ்பீக்கர்கள் ஏசியில் நின்றன.

பொன்னுத்தங்கத்துக்கு அந்த ரூம் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். மசாலாப் பொடி அரைத்து விற்கவேண்டும் என்பது அவள் ஆசை.

“ஈரம் அண்டாத ரூம் இந்த வீட்டுல அது ஒண்ணுதான். மிளகா வத்தல் மூடையை அங்கன அடுக்குனா நிறம் மாறாது” என்பாள்.

“பாட்டு ரூம்ல வத்தலா? அது கோயில்டி!”

“கோயிலுன்னா எனக்கு மட்டும் எதுக்கு நடை சாத்துறீக?”

செந்தூர்பாண்டி மாடிக்கு ஏறிவிடுவார். அவர் ரூமை விடவில்லை. அதற்கு ஈடாகத்தான் அந்தச் சத்தியம்.

பங்குனி வரைக்கும் சத்தியம் நல்ல ஆரோக்கியமாக இருந்தது. அப்போதுதான் செல்போனில் அந்த விளம்பரம் வந்தது. ஆடியோ ஷோ! சென்னையில் நடக்கும், பெங்களூரில் நடக்கும் என்று படித்துப் படித்து ஏங்கிய ஷோ, விருதுநகரில், ஒரு கல்யாண மண்டபத்தில்! அதுவும் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று ‘சில்வண்டு’ என்று புதிதாகச் செய்திருக்கும், காதுக்குள் மாட்டுகிற ஹெட்போனை அங்கேதான் முதன்முதலாகக் கேட்கக் கொடுக்கிறார்களாம். செந்தூர்பாண்டிக்கு உள்ளங்கால் அரித்தது. மத்தியானம் சோற்றில் ரசம் என்று நினைத்து செம்புத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, “புளி கம்மி” என்றார்.

சத்தியத்தை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். ‘ஒரு ஒயர்கூட வராது.’ சில்வண்டுக்கு ஒயரே கிடையாது! தெய்வத்துக்கும் குறை இல்லை. ஸ்பீக்கர் மாதிரி லாரியில் வந்து இறங்கி ஊரைக் கூட்டுகிற சாமானும் இல்லை. சட்டைப் பையில் வந்துவிடும். பொன்னுத்தங்கம் கண்ணில் படாமல் ஒரு ஆயுள் முழுக்கக் காப்பாற்றலாம்.

“பொன்னு, வத்தல் வாங்க விருதுநகர் போவமா?” என்றார், குரலில் தேனைத் தடவி.

“வருசா வருசம் நான் கூப்பிட்டா லோடு இருக்கு, சீசன் இருக்கும்பீக. இன்னைக்கு என்ன?”

“உனக்காகத்தான்.”

“எனக்காகவா?” அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அங்கன பேப்பர்காரர் ஒருத்தரையும் பாக்கணும். நீ வத்தலைப் பாரு, நான் பேப்பரைப் பாக்குறேன்.”

“சரி” என்றாள். இவ்வளவு சுருக்கமாக அவள் சரி சொன்னதே இல்லை. செந்தூர்பாண்டி அதைத் தன் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டார்.

விருதுநகரில் சங்கரலிங்கம் கமிஷன் கடை வாசலில் அவளை இறக்கிவிட்டார். கடைக்குப் பின்னால்தான் மண்டபம். நடுவில் ஒரே ஒரு சுவர். அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

மண்டபத்துக்குள் கால் வைத்ததும் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனை பேர்! ஒவ்வொருவரும் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, வேறு வேறு பாட்டுக்கு வேறு வேறு வேகத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. நடுநடுவே மட்டும் ‘அச்சு!’ என்று ஒரு தும்மல். பின்பக்க ஜன்னல் வழியாக வத்தல் நெடி வந்துகொண்டிருந்தது. அச்சகக்காரருக்கு அச்சு ஒன்றும் புதிதில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு சில்வண்டு ஸ்டாலைத் தேடி ஓடினார்.

ஸ்டாலில் பிரீத்திகா என்று சட்டையில் பெயர் குத்திய பெண் இருந்தாள்.

“சார், உங்களுக்கு நல்லாப் பழக்கமான பாட்டு ஒண்ணு சொல்லுங்க. அதுலதான் வித்தியாசம் தெரியும்.”

கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பழைய பாட்டைச் சொன்னார். பிரீத்திகா இரண்டு சின்னக் குமிழை அவர் காதுக்குள் வைத்துத் திருகினாள். உலகம் அணைந்தது. பாட்டு எரிந்தது.

முதலில் வந்தது வீணை இல்லை. வீணைக்கு முன்னால், வாசிப்பவர் வளையல் வீணைக் குடத்தில் லேசாக இடித்த சத்தம்! அந்தம்மா வளையல் போட்டிருந்தாரா? இத்தனை காலமாக இது தெரியாமலா இருந்தோம்? பாட்டுக்காரர் எச்சில் விழுங்கினார், கேட்டது. பின்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள், கேட்டது. தபலா இடது காதிலிருந்து புறப்பட்டு, மண்டைக்குள் ரோடு போட்டு, வலது காது வழியாக வெளியேறியது. அடித்தொண்டைச் சத்தம் தொப்புளில் வந்து மோதியது. மேல் சத்தம் நுங்குபோல வழுக்கிக்கொண்டு இறங்கியது. செந்தூர்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. வத்தல் நெடியினால் இல்லை.

“எப்படி இருக்குங்க சார்?” என்று பிரீத்திகா சைகையில் கேட்டாள்.

“ஆத்தாடி! என்னா பாஸு! என்னா தெளிவு! சில்வண்டுன்னா இதுதாம்லே சில்வண்டு!”

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். காது அடைத்தவருக்குத் தன் குரல் தெரியுமா? மண்டபமே கண்ணைத் திறந்தது. ஜன்னலில் இருந்த புறா பறந்தது.

“சார், இதையே உங்க காதுக்கு அளவெடுத்தும் செஞ்சு தருவோம். அப்ப இதைவிட நல்லாக் கேக்கும். ஆனா வேற யாருக்கும் சேராது” என்றாள் பிரீத்திகா, குமிழ்களைக் கழற்றியபடி.

“யாருக்குமே சேராதா?”

“உங்க காதுக்கு மட்டும்தான்.”

செந்தூர்பாண்டி உருகிப்போனார். அவர் செருப்பை மச்சினன் போட்டுப் போவான். அவர் துண்டில்தான் பொன்னுத்தங்கம் வடகம் காயப்போடுவாள். அந்த வீட்டில் அவருக்கு மட்டும் என்று இருந்தது சர்க்கரை மாத்திரை ஒன்றுதான்.

“எடும்மா அளவு!” என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிரீத்திகா இரண்டு காதுக்குள்ளும் ரோஸ் நிறத்தில் ஒரு களிம்பைப் பிதுக்கி அடைத்தாள். பல்லுக்கு நடுவில் ஒரு சின்னக் கட்டையைக் கொடுத்தாள். “இது இறுகுற வரைக்கும் கட்டையைக் கடிச்சுட்டே இருங்க. பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, முக்கியமா தும்மக்கூடாது” என்று சொல்லி முடித்ததும் கடைசிச் சொட்டுச் சத்தமும் நின்றது.

அப்போதுதான் வாசலில் பொன்னுத்தங்கம் தெரிந்தாள்.

கையில் ஒரு பிடி வத்தல், சாம்பிள். நேராக அவரை நோக்கி நடந்து வந்தாள். செந்தூர்பாண்டியால் ஓட முடியவில்லை, காதில் களிம்பு. பொய் சொல்ல முடியவில்லை; வாயில் கட்டை. பேப்பர்காரர் எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு அங்கே பேப்பரும் இல்லை. அவள் பக்கத்தில் வர வர மூக்கு வேறு துடிக்க ஆரம்பித்தது. கண்ணை உருட்டித் தும்மலை உள்ளேயே விழுங்கினார்.

பொன்னுத்தங்கம் கோபப்படவில்லை. அதுதான் அவரை அதிகமாகக் கலக்கியது. பிரீத்திகாவிடம் ஏதோ கேட்டாள். பிரீத்திகா நாற்காலியைக் காட்டி, காதைக் காட்டி, வாயைக் காட்டி விளக்கினாள். பொன்னுத்தங்கத்தின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. அவர் முன்னால் குனிந்து, அவர் காதைத் தொட்டுக் காட்டி, ஏதோ நீளமாகச் சொன்னாள். கடைசி வார்த்தை மட்டும் உதட்டில் தெளிவாகத் தெரிந்தது.

‘வேணும்ல?’

செந்தூர்பாண்டிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. வாங்கிக்கொடுக்கிறேன் என்கிறாளா? தலையை ஆட்டினார். அவள் மறுபடி கேட்டாள். மறுபடி ஆட்டினார். அவள் பிரீத்திகாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இன்னொரு தடவை கேட்டாள். பூம்பூம் மாடு தோற்றுப்போகும்படி ஆட்டினார். பொன்னுத்தங்கம் அவர் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

களிம்பைக் கழற்றியதும் முதல் வேலையாக ஒரு பெரிய தும்மல் தும்மினார். இரண்டாவது வேலையாக, “என்ன சொன்னா?” என்றார்.

“ஆர்டர் போடச் சொல்லிட்டாங்க சார். ரொம்ப நல்ல மேடம்.”

செந்தூர்பாண்டி மண்டபத்திலிருந்து நடந்து வரவில்லை, மிதந்து வந்தார். இப்படிப்பட்ட மனைவியிடமா பொய் சொன்னோம் என்று நெஞ்சு குறுகுறுத்தது. காரில் ஏறியதும் வாயை அடக்க முடியவில்லை. வீணை, வளையல், எச்சில், நாற்காலி என்று ஒன்று விடாமல் சொன்னார். அவள் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். திருத்தங்கல் தாண்டும்போதுதான் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஒரு குட்டி யானை வண்டி, மூடை மூடையாக ஏற்றிக்கொண்டு, விடாமல் தொடர்ந்து வந்தது.

“யாருக்கோ வத்தல் போகுதுபோல. எம்புட்டு மூடை!”

“நமக்குத்தான்.”

“நமக்கா? இம்புட்டையும் எங்கன வைக்கிறது?”

“பாட்டு ரூம்லதான்.”

பிரேக்கை மிதித்தார். குட்டி யானையும் மிதித்தது.

“யாரு சொன்னா?”

“நீங்கதான சொன்னீக.”

“எப்ப?”

“இப்பத்தான். மண்டபத்துல.”

“அடியேய், நீ ‘வேணும்ல’ன்னுல்ல கேட்ட?”

“‘வேணாம்ல’ன்னு கேட்டேன்.”

“என்ன வேணாம்?”

“‘காதுக்குள்ள மாட்டுறது வந்துட்டா, இனிமே பாட்டு ரூம் வேணாம்ல?’ன்னு கேட்டேன். மண்டை கழண்டு விழுற மாதிரி ஆட்டுனீக.”

“எனக்குக் காது கேக்கலையேடி!”

“தெரியும். அந்தப் பிள்ளை சொல்லுச்சு.”

செந்தூர்பாண்டி வண்டியை ஓரம்கட்டி, ஆர்டர் சீட்டிலிருந்த நம்பருக்குப் போன் போட்டார். எடுத்த பிரீத்திகா, “ஆமாங்க சார், மேடம் அதேதான் கேட்டாங்க. நான் பக்கத்துலயேதானே நின்னேன்” என்றாள். பிறகு, “ஏன் சார், பாட்டு ரூம்னு தனியா வச்சிருந்தீங்களா? சூப்பர் சார்” என்றாள். செந்தூர்பாண்டி போனை வைத்துவிட்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும். நான் அங்கன இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“வத்தலைப் பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் ‘என்னா பாஸு’ன்னு ஒரு சத்தம். சங்கரலிங்கம் அண்ணாச்சி, யாரையோ குத்திப்புட்டாகன்னு பதறிட்டாக. நான் ‘பதறாதீக, அது எங்க வீட்டுக்காரர், பேப்பர் ஆர்டர் பேசுறாரு’ன்னேன்.”

செந்தூர்பாண்டி வண்டியைக் கிளப்பினார். குட்டி யானை ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வந்தது.

மறுநாளே ஸ்பீக்கர்கள் ரூமைக் காலி செய்தன. ஒன்றின் மேல் மல்லி காய்ந்தது. இன்னொன்றின் மேல் தராசு உட்கார்ந்தது. ஏசி காற்று வத்தலுக்குச் சுகமாக வீசியது. பொன்னுத்தங்கம் தன் மசாலாவுக்கு லேபிள் அடிக்க வேறு அச்சகத்துக்கா போவாள்? செந்தூர்பாண்டிதான் அடித்தார். சீசன் மும்முரத்தில், லேபிளில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துப் பார்க்கவில்லை.

சித்திரையில் சில்வண்டு வந்து சேர்ந்தது. காதில் வைத்தார். அடடா! பிறக்கும்போதே காதோடு சேர்ந்து பிறந்ததுபோல உட்கார்ந்தது. ரூம் போனால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. மாடிப் படியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

மடியில் ஏதோ கனத்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் ஒரு சுளகு நிறைய வத்தல்.

“காதுதான கேக்குது, கை சும்மாதான இருக்கு? காம்பைக் கிள்ளுங்க” என்று சைகை காட்டினாள் பொன்னுத்தங்கம்.

கிள்ளினார். பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. எதைக் கிள்ளினாலும் இனித்திருக்கும். விரலெல்லாம் சிவந்தது. வீணை மேலே ஏறி, இதோ உச்சியைத் தொடப் போகிறது என்கிற இடத்தில் பாட்டு அறுந்தது. இரண்டு காதுக்குள்ளும் போன் மணி அடித்தது.

“போன் வருது! கட் பண்ணு!” என்று கத்தினார். கை முழுக்க வத்தல் காரம். காதையும் தொட முடியாது, போனையும் தொட முடியாது.

பொன்னுத்தங்கம் ஓடிவந்து போனை அமுக்கினாள். கட் பண்ணுகிற பொத்தானை இல்லை.

“அண்ணாச்சி, எம்.புதுப்பட்டியில மெஸ் வச்சிருக்கேன், பெத்தணன். மசாலா லேபிள்ல இந்த நம்பர்தான் போட்டிருக்கு. குழம்புப் பொடி இருக்கா?”

மண்டைக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டதுபோல அவ்வளவு துல்லியம். செந்தூர்பாண்டி மனைவியைப் பார்த்தார். அவள் அடுத்த சுளகை எடுக்க உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

“இருக்கு அண்ணாச்சி” என்றார் செந்தூர்பாண்டி. “அரைக் கிலோவா, ஒரு கிலோவா?”