தேடப்படுவோர் வரிசையில் மூன்றாவது முகம்

சினிமாவில் ஓர் அப்பாவியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினால் போதும், எனக்கு அழுகை வந்துவிடும். ஜீப்புக்குப் பின்னால் அம்மா ஓடிவர வேண்டும் என்றுகூட அவசியமில்லை. பள்ளி ஆண்டு விழா நாடகத்தில், செய்யாத திருட்டுக்கு ஒருவனைத் தூக்கில் போடச் சொன்ன ராஜாவை (என் வகுப்புப் பையன்தான், அட்டைக் கிரீடம்) கீழே உட்கார்ந்தபடி கெட்ட வார்த்தையில் திட்டி, ஹெட்மாஸ்டரிடம் அடி வாங்கியவன் நான். அப்போதெல்லாம் கதையின் முடிவில் யாராவது ஒரு வக்கீலோ மந்திரியோ வந்து காப்பாற்றிவிடுவார். இப்போது வரும் படங்களில் யாருமே வருவதில்லை. லாக்கப்பில் டியூப்லைட் விட்டு விட்டு எரியும், படம் முடிந்துவிடும், நமக்குத் தூக்கம் போய்விடும்.

இப்படிப்பட்ட இளகிய மனசுக்காரனை, அதே மாதிரிப் படம் ஒன்று திருடனாக்கிவிட்டது. அதுவும் எனக்குப் பெண் பார்த்து, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருந்த நேரத்தில்.

அப்போது நான் அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, மேனாம்பேட்டில் ஒரு ஃப்ளாட்டில் தங்கியிருந்தேன். கீழ் வீட்டு தாமு சினிமாவில் ஆர்ட் டிபார்ட்மென்ட் அசிஸ்டென்ட். செட்டுக்கு வேண்டிய நாற்காலி, காலண்டர், சுவரில் மாட்டும் படம் எல்லாம் தேடிப் பிடித்துக் கொண்டுபோவது அவன் வேலை. ஒரு நாள் மாடியேறி வந்தான்.

"மச்சான், உன் போட்டோ ஒண்ணு குடு. படத்துல வைக்கணும்."

"என்ன ரோல்டா?"

"வெயிட்டான ரோல் மாமே. ஹீரோ கண்ணத் தொறந்தா எதிர்க்க உன் மூஞ்சிதான். சீன் பூரா உன்னியேதான் பாத்துகினு இருப்பான்."

அவ்வளவுதான். ஹீரோவின் செத்துப்போன அண்ணன் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். படத்துக்கு மாலை, முன்னால் விளக்கு, கீழே உட்கார்ந்து ஹீரோ கண்ணீரோடு சபதம் போடுகிறான். (தாமு அப்படிச் சொன்னானா? சொல்லவில்லை. நான் கேட்டேனா? அதுவும் இல்லை.) புதிதாகப் படம் எடுக்கச் சோம்பல்பட்டு, பெண் வீட்டுக்கு அனுப்பியிருந்த அதே கட்டம் போட்ட சட்டை போட்டோவின் இன்னொரு காப்பியைக் கொடுத்தேன். "சிரிக்காதீங்க சார்" என்று ஸ்டூடியோக்காரர் அதட்டியதால், பல்வலிக்காரன் போல முறைத்துக்கொண்டு நிற்கும் படம் அது.

பெண்ணின் பெயர் வித்யா. அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறை ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. தாய்மாமன் ஏகாம்பரம், கோவில்பதாகைக்காரர், போலீஸில் ஏட்டு. அவர் தலையாட்டாமல் அந்த வீட்டில் மிக்ஸிகூட வாங்க மாட்டார்கள். பெண் பார்க்கப் போன அன்று அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"உன் மேல கேஸு கீஸு எதுனா கீதா நைனா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கேசரியைத் தின்றிருக்கலாம். "கேஸ் இல்லீங்க சார். ஆனா சினிமாவுல நடிச்சிருக்கேன்" என்றேன். வித்யாவின் புருவம் உயர்ந்தது. அந்தப் புருவத்துக்காக, ரிலீஸ் அன்று எல்லோரையும் நானே தியேட்டருக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்தேன்.

படம் ரிலீசானது. வித்யா, அவள் அப்பா, அம்மா, எனக்குப் பக்கத்து சீட்டில் ஏட்டு மாமா.

பெயின்ட் அடிக்கும் ஓர் ஏழைப் பையன். எவனோ செயின் பறித்ததற்கு, மூஞ்சி சரியில்லை என்று இவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கையெழுத்துப் போடச் சொல்லி அடிக்கிறார்கள். தியேட்டரே கொதித்தது. காக்கிச் சட்டை திரையில் வரும்போதெல்லாம் கூச்சல். நானும் கர்சீப்பை நனைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பது யார் என்பதை மறந்து, "இவனுங்களை எல்லாம் வரிசையா நிக்க வச்சு உதைக்கணும்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கைப்பிடியில் இருந்த மாமாவின் முழங்கை மெதுவாக நகர்ந்து அவர் மடிக்குப் போனது.

அடுத்து விசாரணைக் காட்சி. பையன் வீங்கிய கண்ணைத் திறக்கிறான். எதிரே இன்ஸ்பெக்டர். அவர் தலைக்கு மேல் ஒரு பலகை, "தேடப்படும் குற்றவாளிகள்". அதில் மூன்றாவதாக, கட்டம் போட்ட சட்டை.

"ஏங்க, அது நம்ம சாமி ரூம்ல வச்சிருக்கிற போட்டோ இல்ல?" என்றார் வித்யாவின் அம்மா. அவருக்கு ரகசியக் குரலே கிடையாது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கோர்ட் காட்சியில் வக்கீல் ஒரு போட்டோவைத் தூக்கிக் காட்டி, "உண்மையான திருடன் இவன்! உங்கள் ஸ்டேஷன் சுவரிலேயே தொங்குகிறான்!" என்று முழங்கினார். திரை முழுக்க என் முகம். என் மூக்கை அந்த அளவில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "செருப்பாலயே அடிக்கணும்டா இவனை!" என்று பின் வரிசையில் ஒரு பெண்மணி கத்தினார். (திருடனாக நடிக்க இருந்தவர் கடைசி நேரத்தில் வரவில்லையாம், டைரக்டர் கைக்கு எட்டிய போட்டோவை எடுத்துக்கொண்டாராம். "உன் லக்கு மச்சான்" என்றான் தாமு. அவனை என்ன செய்வது சொல்லுங்கள்.)

தலையைக் குனிந்தபடி பார்க்கிங் வரை வந்துவிட்டோம். "டேய், போட்டோல கீறவன்டா!" என்று ஒரு குரல். சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது. அழுது சிவந்த கண்ணோடு ஓர் ஆட்டோ டிரைவர் என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"இன்னாடா, செயின அத்துகினு நீ பூடுவ, அந்தப் புள்ள உதை வாங்கணுமா?"

"அண்ணே, அது படம்ணே!"

"படமா? அவன் ஆத்தா அழுதுச்சே, அதுவும் படமா?"

நானும்தானே அழுதேன். பார்த்த படங்களெல்லாம் ஒன்றாய்த் தொண்டைக்கு ஏறி, "நான் நிரபராதி!" என்று கத்தினேன். "எல்லாத் திருடனும் இதத்தான் சொல்லுவான்" என்றது கூட்டம்.

வித்யாவின் அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "வா, வீட்டுக்குப் போகலாம். நிச்சயத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றார் மனைவியிடம். காலரை விட அந்த 'அப்புறம்'தான் என் கழுத்தை நெரித்தது. வித்யா அசையாமல் நின்றாள். "மாமா, நீங்களாவது சொல்லுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது.

ஏட்டு மாமா முன்னால் வந்தார். "கைய எடு."

"நீ யாரு?"

"போலீசு."

அந்தப் படம் ஓடும் தியேட்டர் வாசலில் சொல்லக்கூடிய வார்த்தையா அது! "பார்றா, திருடனுக்குப் போலீஸ் சப்போர்ட்டு!" என்று கூட்டம் அவர் மேல் பாய்ந்தது. யாரோ தள்ளியதில் அவர் மூக்குக் கண்ணாடி எகிறி விழுந்தது. மனுஷன் கையை ஓங்கவில்லை. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் அப்படியே நின்றார்.

"அடிக்கணும்னா என்னை அடி. இவன் மேல கேஸு இல்ல. எங்க ஊட்டுப் பொண்ணுக்குப் பேச்சு எடுத்த அன்னிக்கே விசாரிச்சிட்டேன். ஆபீஸு, ஊட்டுக்காரரு, டீக்கடை, எல்லாம் கேட்டாச்சு. தங்கமான புள்ள, கொஞ்சம் வாய்தான் ஜாஸ்தின்னாங்க." பிறகு ஆட்டோக்காரரைப் பார்த்தார். "அண்ணாத்தே, இத்தினி நேரம் இன்னாத்துக்கு குந்திகினு அழுத? மூஞ்சியப் பாத்து ஆளப் புடிச்சானுங்கன்னுதான?"

ஆட்டோக்காரரின் கை தளர்ந்தது. கசங்கிய என் காலரை அவரே நீவிவிட்டார். "ஃபீல் ஆயிட்டேன் சார், மன்னிச்சுக்கோ" என்றார். மாமாவின் கண்ணாடியைத் தேடி எடுத்து, தன் சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.

எல்லோரும் பக்கத்து டீக்கடையில் நின்றபோது, தியேட்டரில் திட்டியதற்காக மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"வுடு நைனா. நடக்காததையா எடுக்கிறானுங்க? நடக்குது. அதான் பல்லக் கடிச்சிகினு முழுசா பாத்தேன். எல்லாரும் அப்டி இல்லன்னு எந்திரிச்சு கத்தவா முடியும்?" என்றார். டீயை உறிஞ்சிவிட்டு வித்யாவின் அப்பாவிடம் திரும்பினார். "மச்சான், நிச்சயம் அதே தேதில. புள்ளைக்கு நான் ஜாமீன். கண்டிசன் ஜாமீன். ஞாயித்துக்கிழமையானா எங்கூட்டுக்கு வந்து கையெழுத்துப் போடணும்."

எனக்காகச் சண்டை போட என் ஊரிலிருந்து யாரும் வரவில்லை; திரையில் எந்தக் காக்கிச் சட்டையைத் திட்டினேனோ, அந்தச் சட்டைக்காரர் எனக்காகத் தள்ளு வாங்கினார். அந்த நன்றியை இன்றுவரை எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

கல்யாண மண்டப வாசலில் நண்பர்கள் வைத்த பேனரில் அதே போட்டோ. "தேடப்பட்டு வந்த நபர் பிடிபட்டார்" என்று எழுதியிருந்தார்கள். மாமனார் முகம் சுளித்தார். ஏட்டு மாமா அதன் முன்னால் விறைப்பாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். இன்றும் வீட்டில் ரிமோட் காணவில்லை என்றால் வித்யா, "போர்டுல மூணாவது ஆளை விசாரிங்க" என்பாள்.

மாமா ரிட்டயராகிவிட்டார். ஆனால் ஜாமீன் மட்டும் ரத்தாகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சரியான மழை. போகிற வழியில் பருத்திப்பட்டுப் பக்கமெல்லாம் தண்ணீர். போகாமல் இருந்துவிடலாமா என்று யோசிக்கும்போதே போன் வந்தது. "இன்னா நைனா, தலைமறைவா? வாரண்டு போட்டுருவேன்!" நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தால், மனுஷன் கேட்டிலேயே குடையோடு நிற்கிறார். வழக்கம்போல அன்றைய தேதிக் காலண்டர் தாளின் பின்னால் கையெழுத்துப் போட்டேன்.

என் மகளுக்கு இப்போதுதான் விவரம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. "தாத்தா, அப்பா என்ன தப்புப் பண்ணாரு? வாரா வாரம் கையெழுத்து வாங்கறீங்களே?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல கண்ணு" என்று துண்டால் என் தலையைத் துவட்டினார் மாமா. "பண்ணியிருந்தா எப்பவோ வுட்டிருப்பேன்."