ஐந்தாவது நட்சத்திரம்

நான்கு நட்சத்திரம் வரை மூன்றாம் வகுப்பில் எல்லாரும் தங்கக் கட்டிகள். ஐந்தாவதில்தான் வினை.

புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றின் சுவரில் றமீஸா டீச்சர் ஒட்டிய சார்ட். பதினெட்டுப் பெயர், பெயருக்கு ஐந்து கட்டம். நல்லபடி நடந்தால் ஒரு நட்சத்திரம். மடவளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற அவளுக்கு ஊர்ப்பக்கமே இடமாற்றம் கிடைத்திருந்தது. பாக்கி, பாடசாலை அதிபர் பெரியதம்பியின் கையெழுத்து.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வகுப்ப அடக்கிக் காட்டுங்க டீச்சர். சார்ட் நிறைஞ்சா அன்னைக்கே கையெழுத்து."

புதன்கிழமைக்குள் எல்லாருக்கும் நான்கு. வியாழன் காலை சுரேஸ் மேசை மேல் ஏறிச் சேவல் மாதிரிக் கூவினான்.

"எறங்குடா! ஒரே ஒரு ஸ்டார்தானே மிச்சம்!"

சுரேஸ் இன்னும் சத்தமாகக் கூவினான்.

"சரி, பேசாம கையக் கட்டிட்டு இருந்தாலே ஸ்டார்!"

கட்டியிருந்த கைகளெல்லாம் படக்கென்று அவிழ்ந்தன.

"உண்மை சொன்னா ஸ்டார். போர்ட்ல எழுதுற வெண்கட்டிய ஒளிச்சது யாரு?"

"நான்தான்!" பதினெட்டுக் குரல்.

"யா அல்லாஹ்! எல்லாரும் பொய் சொல்றீங்களே!"

"ஆமா டீச்சர், பொய்தான்," என்றான் மூக்கையா.

"இது உண்மை! இந்தா ஸ்டார்!"

மூக்கையா அலறிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினான். அவனைப் பிடிக்க ஓடியவளின் பின்னால் வகுப்பே ஓடியது.

டொபி வாங்கி வந்து கொடுத்துப் பார்த்தாள். வரிசையாக வந்து திருப்பிக் கொடுத்தார்கள். சுமன் மட்டும் பாதி தின்றுவிட்டு, "மன்னிச்சுக்கங்க டீச்சர், நாளைக்கு வேற கொண்டாறேன்," என்றான்.

வெள்ளிக்கிழமை இடைவேளையில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, றமீஸாவே பதினெட்டுக் கட்டத்திலும் ஒட்டிவிட்டாள். செய்யும்போதே கூசியது. ஆனாலும் ஒட்டினாள்.

மணி அடித்ததும் அதிபர் வந்தார். சார்ட்டையும் அவரையும் உரசிக்கொண்டு பிள்ளைகள் முண்டியடித்து உள்ளே வந்தார்கள்.

"எங்க டீச்சர், நிறைஞ்சிருச்சா?"

"நிறைஞ்சிருச்சு சேர்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சார்ட்டைப் பார்த்தார். ஐந்தாவது கட்டம் முழுக்க வெறுமை. திரும்பி நடந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் பதினேழு நட்சத்திரம் மின்னியது.

றமீஸா கோடு போடும் அடிமட்டத்தால் மேசையில் ஓங்கி அடித்தாள்.

"ஒங்கள மாதிரி நன்றி கெட்ட புள்ளைகள நான் கண்டதே இல்ல!"

வகுப்பு அடங்கியது. இந்த வாரம் முழுக்க அவள் கெஞ்சிக் கேட்ட அமைதி அது. வந்த பிறகு தாங்க முடியவில்லை. சொன்னதைத் திருப்பி விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பாள்.

பதினெட்டாவது நட்சத்திரம் முன்வரிசை ஜெயராணியின் விரலில் ஒட்டியிருந்தது. வருடம் முழுக்க வாய் திறக்காத பிள்ளை. றமீஸா அவள் பக்கத்தில் குந்தினாள்.

"நீயுமா புள்ள? ஒங்களுக்கு நான் என்ன கொறை வச்சேன்?"

ஜெயராணி விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"போன டீச்சரும் சார்ட் நிறைஞ்ச அன்னைக்குத்தான் போனாங்க, டீச்சர். அதுக்கு முந்தின டீச்சரும்."