கப்பல் வீட்டுப் பங்காளிகள்

“உங்க வம்சக் கதைக்கு ஏதாவது ஆதாரம் இருந்தா அதையும் கொஞ்சம் காட்டுங்க அத்தை.”

கேட்டே விட்டாள். கேட்கவே கூடாது என்று பஸ் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அம்மா ஓதியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள், நாம் தலையைக் குனிந்து பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அப்பா கிணறு வெட்டுகிறவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி இவள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பாட்டிலின் மேல் என்ன எழுதி ஒட்டியிருந்தாலும், உள்ளே இருப்பதைச் சோதிக்காமல் அங்கே யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அந்தப் பழக்கம் இப்போது வாய்க்கும் வந்துவிட்டது.

வருங்கால மாமியார் அதுவரை இவர்களைத்தான் குடைந்துகொண்டிருந்தாள். தாத்தாவுக்கு அப்பா யார், அவருக்கு அப்பா யார் என்று. அம்மா தொடையில் கிள்ளினாள். இவள் நகரவில்லை.

அந்த வீட்டுக்கு ஊரில் கப்பல் வீடு என்று பெயர். கடலுக்கும் அந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் அவர்களுடைய மூதாதை ஒரு கப்பல் தலைவராம். மாமியார் பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து பழைய கடிதங்களை நீட்டினாள்.

‘ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது. மழை விடவில்லை. குடையைக் கொடுத்து அனுப்பவும்.’ கீழே கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகை.

“இதுல கப்பலே இல்லையே அத்தை.”

“போர்க்காலச் சங்கேதம்மா. ஆடுன்னா கப்பல், குட்டின்னா படகு.”

“குடை?”

“பாய்மரம்.”

கயிறு பிடித்தே கை காய்த்துப்போன மனிதர் பேனாவை எப்படிப் பிடிப்பார் என்று ரேகைக்கும் விளக்கம் தயாராக இருந்தது. இவள் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவனை அவளுக்குப் பிடிக்கும், அதுதான் தொல்லை. தன் அம்மா இல்லாத இடத்தில் அழகாகப் பேசுவான், இவள் ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரிப்பான். அம்மா இருக்கும் இடத்தில் சுவரோடு சுவராகிவிடுவான். இன்றைக்கு ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தானானால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கட்டிக்கொள்ளலாம். அவன் குடையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான்.

சந்தேகம் இருந்தால் பதிவு அலுவலகத்திலேயே பார்த்துவிடலாம், சுற்று வட்டாரக் கல்யாணமெல்லாம் அங்கேதான் பதிவு, கையோடு உங்கள் பக்கத்தையும் தேடுவோம், எதுவும் கிடைக்காது, இருந்தாலும் தேடுவோம் என்றாள் மாமியார். மறுநாள் அவளும் அவள் கணவரும் மகனும் இவளும் அங்கே போய் நின்றார்கள். அம்மா அவமானத்தில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள்.

பதிவாளர் தும்மிக்கொண்டே பழைய கல்யாண விண்ணப்பக் கட்டைப் பிரித்தார். மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா கிடைத்தார். தகப்பனார் என்ற இடத்தில் அந்த மூதாதையின் பெயர். தொழில், கப்பல் தலைவர். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி மாமியார் வாசித்தாள்.

எழுத்தெல்லாம் பார்த்து வரைந்த படம் மாதிரி கோணல்மாணலாக இருக்கிறதே என்றாள் இவள்.

“ஆடுற கப்பல்ல எழுதப் பழகினவங்கம்மா. அப்படித்தான் இருக்கும்.”

அந்தக் காலத்தில் அவரவர் கைப்பட எழுதினால்தான் விண்ணப்பம் செல்லும், அதனால் பொய்க்கு இடமே இல்லை என்று பதிவாளரும் சேர்ந்துகொண்டார். பிறகு இவளுடைய கொள்ளுத்தாத்தாவைத் தேடி எடுத்தார். கிணறு வெட்டியவர். அவருடைய தகப்பனாரைப் படித்ததும் தும்மல் நின்றுவிட்டது. அதே பெயர். கப்பல் தலைவர்.

மாமியார் முகம் மலர்ந்தது. பெண்ணும் பெரிய இடம்தான். இவளைக் கட்டிப்பிடிக்கவே வந்துவிட்டாள். பதிவாளர் தடுத்தார்.

“அவசரப்படாதீங்க. ஒரே தகப்பன் வழின்னா நீங்க பங்காளிங்க. பொண்ணும் பையனும் அண்ணன் தங்கச்சி.”

கல்யாணம் அங்கேயே படுத்தது. அதை எழுப்ப மாமியாருக்கு ஒரு யோசனை தோன்றியது. இவள் தாளில்தான் தப்பு, என் பிறந்த வீட்டுத் தாளை எடுங்கள், மற்ற வீட்டுத் தாளில் கப்பல்காரர் இருக்க மாட்டார், தெரிந்துவிடும் என்றாள். எடுத்தார்கள். இருந்தார். அப்படியானால் மாமியாரும் மாமனாரும்கூட அண்ணன் தங்கை.

கல்யாணமான நாளிலிருந்து வாயே திறக்காத மாமனார் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அப்ப நான் கிளம்பலாமா தங்கச்சி?”

அவரை உட்காரவைப்பதற்குள் பதிவாளர் தன் வீட்டுத் தாளையும் தேடி எடுத்துவிட்டார். முறைப்படி அவர் மாமியாருக்குச் சித்தப்பா ஆனார். சித்தப்பா முன்னால் கால்மேல் கால் போடுவது நன்றாக இல்லை என்று கண்டித்தார். மாமியார் காலை இறக்கினாள்.

ஜன்னலில் நின்ற தையல்காரர் ஓடிப்போய் ஊரைக் கூட்டிவந்தார். தபால்காரர், சைக்கிள் கடைக்காரர், பல் வைத்தியர் என்று தாளைப் பிரித்தவர்கள் எல்லாருக்கும் கப்பல் தலைவரே பாட்டன். அந்த மனிதருக்குக் கப்பல் ஏற நேரம் எங்கே கிடைத்தது என்று பல் வைத்தியர் கவலைப்பட்டார். தையல்காரர் கவலைப்படவில்லை. பாட்டன் சொத்தில் எல்லாப் பேரனுக்கும் பங்கு உண்டு என்று அளவு நாடாவோடு கப்பல் வீட்டுக்குப் போய்விட்டார். பின்கட்டு தனக்கு வேண்டும் என்று சைக்கிள் கடைக்காரர் அவர் பின்னாலேயே ஓடினார்.

ஊரே ஒரு குடும்பம் என்றால் கல்யாணத்தை எப்படிப் பதிவது? மறு உத்தரவு வரும்வரை இந்த ஊரில் கல்யாணமே கிடையாது என்று வாசல் சுவரில் பெரிதாக எழுதச் சொல்லிப் பெயிண்டரை வரவழைத்தார் பதிவாளர். பழைய சுண்ணாம்பைச் சுரண்டுகிற சத்தம் வெளியே ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்தில்தான் மாமியாருக்கு அடுத்த யோசனை பிறந்தது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேஜையில் இவள் பக்கம் தள்ளினாள்.

“உங்க கொள்ளுத்தாத்தா எங்க பாட்டன் பேரைத் திருடிப் போட்டுக்கிட்டாருன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடு. அப்ப நீ எங்களுக்கு யாரோதானே. கல்யாணம் ஜாம்ஜாம்னு நடக்கும். மத்தவங்களையும் இதே மாதிரி ஒவ்வொருத்தரா விலக்கிடலாம்.”

முறைப்படி அது செல்லும் என்றார் பதிவாளர்.

இவள் தாளைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்தாள். இப்போதாவது. அவன் தொண்டையைச் செருமினான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மரியாதையாக நீட்டினான்.

“போட்டுடேன். செத்துப்போனவர்தானே. அவர் என்ன கோவிச்சுக்கவா போறார்?”

பேசிவிட்டான். அவன் பேச வேண்டும் என்றுதானே இத்தனை நாள் காத்திருந்தாள்.

அவள் பேனாவை வாங்கினாள். மூடியைத் திருகி மூடி, அவன் பையிலேயே திரும்பச் செருகினாள்.

“எங்க கொள்ளுத்தாத்தா திருடரோ இல்லையோ, உங்க வீட்டுக்கு நான் வரலை. நாளைக்கு வேற ஆதாரம் கிடைச்சாலும் வரலை.”

மாமியார் கூப்பிட்டாள். சித்தப்பா முறையில் பதிவாளரும் அதட்டிப் பார்த்தார். மாமனார் மட்டும், உன்னோடு நானும் வரட்டுமா என்கிற மாதிரி ஏக்கத்தோடு பார்த்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். படியில் ஏணியோடு ஏறிவந்த பெயிண்டர் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“ஐயா, சுண்ணாம்புக்கு அடியில பழைய எழுத்து வருது. ‘விண்ணப்பம் எழுதும் முறை, மாதிரி’ன்னு தலைப்புப் போட்டு, தகப்பனாருக்கு நேரா நீங்கல்லாம் சண்டை போடுறீங்களே, அந்தக் கப்பல் தலைவர் பேரையும் தொழிலையும்தான் எழுதியிருக்காங்க. அழிச்சிடவா, இருக்கட்டுமா?”